மூன்றாம் அறையில் சத்தமில்லை

பிற்பகல் நான்கு மணி முப்பத்தைந்து நிமிடத்துக்கு நான் முதலில் கண்டது ஓர் அலுமினியத் தட்டு. தனியறைப் பகுதியில் மூன்றாம் கதவின் கீழ்த் துவாரத்துக்கு வெளியே அது கிடந்தது. அதில் ஒரு பருக்கை சோறு இல்லை. கறியின் மஞ்சள்கூட ஒட்டியிருக்கவில்லை. உள்ளே இருந்தவர் அதைத் தண்ணீர் விட்டு அலசி வெளியே தள்ளியிருந்தார்.

"வடிவாத் திண்டிரிக்கான்," என்றார் என்னோடு வந்த காவலர் ரபீக்.

பிரதம ஜெயிலர் எட்வின் ஐயா தட்டைக் குனிந்து பார்த்தார். சாவிகள் கோத்த திறப்புக் கொத்து அவர் கையில் இருந்தது. வெளிவாசலில் ஒரு பெண் போகமாட்டேன் என்று நின்றுகொண்டிருந்தார். அவர் சொன்ன ஒரு வார்த்தையால்தான் அந்த நேரத்தில் நாங்கள் மூவரும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றோம்.

சிறைச்சாலைச் சேவையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது புதிதாகச் சேரும் உத்தியோகத்தர்களுக்குக் கைதிகளின் மனநலம் பற்றியும் ஒரு பாடம் நடக்கிறது. அதில் வந்து பேசும்படி கேட்டார்கள். என்னைவிடப் படித்தவர்கள் அதைப் பேசுவார்கள் என்று சொன்னேன். "இல்லை சேர், நீங்க கண்டதைச் சொல்லுங்க" என்றார்கள். கண்டதை எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எந்தச் சிறை என்று எழுதவில்லை. மட்டக்களப்பு வாவியின் காற்று வரும் சிறை என்பது போதும். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

இந்த வேலைக்கு வருமுன் சிறிது காலம் ஒரு பத்திரிகைக்குப் பிரதேசச் செய்திகள் அனுப்பிவந்தேன். மழை பெய்தது என்று எழுதினால், "எங்க பெய்தது, எவ்வளவு நேரம், நீர் நனைஞ்சீரா?" என்று ஆசிரியர் கேட்பார். நனையாத மழையை அவர் பிரசுரிப்பதில்லை. சிறையில் பயிற்சிக் காலம் அதைவிடச் சுலபம். எண்ணுவது, பூட்டுவது, சல்யூட் அடிப்பது. மற்றவை சிங்களத்தில் இருந்தன. அவற்றை வேலை செய்தபடியே கற்றுக்கொண்டேன்.

தனியறை என்பது குற்றம் செய்த கைதிக்குச் சிறைக்குள்ளேயே கொடுக்கும் தண்டனை. எங்கள் சிறையில் அப்படி நான்கு அறைகள் இருந்தன. ஒருவரை அங்கே போடுவதற்கு ஒழுங்குமுறை உண்டு. முதலில் விசாரணை. பிறகு மருத்துவர் பார்த்து, ஆள் தாங்குவார் என்று ஒப்பமிட வேண்டும். இடுப்புப் பட்டி, கயிறு, கண்ணாடி, கூரான எதுவும் உள்ளே போகாது. ஒரு பாய், ஒரு வாளி, ஒரு தண்ணீர்ப் போத்தல், உடுத்த சாரம் ஆகியவை போகும். சாப்பாடு கதவின் கீழ்த் துவாரத்தால் போய், வெறும் தட்டு அதே துவாரத்தால் வரும். உள்ளே இருப்பவரோடு காவலர் கதைக்கக் கூடாது. பின்சுவரின் சின்னக் கதவால் வாளி எடுக்க வரும் கைதியும் கதைக்கக் கூடாது. வீட்டார் பார்க்க வர முடியாது.

பொறுப்பான அதிகாரி ஒவ்வொரு நாளும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. எட்வின் ஐயா ஒரு நாளும் தவறியதில்லை. கதவில் கண் உயரத்தில் உள்ள சின்னப் பலகையைத் தள்ளித் திறப்பார். "முறைப்பாடு ஏதும் இருக்கா தம்பி?" என்று கேட்பார். கண்ணாடியைக் கழற்றி, லேஞ்சித் துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்வார். அதற்குள் பதில் வராவிட்டால் முறைப்பாடு இல்லை. பலகையை மூடிவிட்டு அடுத்த கதவுக்குப் போவார்.

அவர் நகரத்து மெதடிஸ்த குடும்பத்தவர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கொலை வழக்கில் வந்தவரையும் தம்பி என்றே அழைப்பார்; தண்டனையையும் அந்தத் தம்பிக்கு அதே தொனியில் கொடுப்பார். மதிலுக்கு உள்ளே அவர் உட்கார்ந்ததே கிடையாது. அலுவலகத்தில் அவருடைய கதிரையில் கோப்புகள் இருக்கும், அவர் பக்கத்தில் நிற்பார். கைதி நிற்கும்போது அதிகாரி உட்கார்ந்தால் பயம் போய்விடும், அதிகாரி நிற்கும்போது கைதி உட்கார்ந்தால் மரியாதை போய்விடும், ஆகவே எல்லோரும் நிற்பதே நல்லது என்பது அவர் கணக்கு. சத்தமில்லாத சிறைதான் நல்ல சிறை என்பது இன்னொன்று. அதை எங்கள் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். அதில் பிழை கண்டவர் அந்தக் காலத்தில் எங்களில் ஒருவரும் இல்லை.

சத்தம் போடுகிறவர்களைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை. ஒருமுறை கதிரவெளிப் பக்கத்து மீனவர் ஒருவரைத் தனியறையில் போட்டோம். விடிந்ததிலிருந்து சுவரோடு கதைத்தார். ஒரு குரலில் மீனுக்கு விலை சொல்வார், இன்னொரு குரலில் பேரம் பேசுவார், மூன்றாவது குரலில் இரண்டு பேரையும் ஏசுவார். ஆளுக்குத் தட்டிவிட்டது என்று மருத்துவரைக் கூப்பிட்டோம். மருத்துவர் கேட்டபோது அவர் சொன்னது: "கதைக்க ஆளில்ல சேர். வாய் புளிச்சுப் போகும். அதுதான் நானே கேட்டு நானே சொல்றன்." தண்டனை முடிந்து வெளியே வந்ததும் தேத்தண்ணி கேட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசிவரை பேரம் மட்டும் படியவில்லை.

தங்கராசா அந்த வகை ஆள் அல்ல. பழுகாமத்து விவசாயி, நாற்பது வயது சொல்லலாம். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் ஒருவருக்கு மண்வெட்டிக் காயம். அந்த வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் இருந்தார். நான் வெட்டவில்லை, சண்டையை விலக்குப் பிடித்தேன் என்று சொன்னார். அது நீதிமன்றத்தின் வேலை. எங்களிடம் அவர் செய்த குற்றம் வேறு. குளிக்கிற இடத்தில் வரிசையை முந்திய ஒருவரின் தலையில் வாளியால் அடித்தார். தலையில் தையல் போட வேண்டி வந்தது. விசாரணையில் ஒப்புக்கொண்டார். மூன்றாம் அறை.

முதல் நாள் மாலை கம்பி தட்டும் நேரம் வந்தது. சிறைக்கு வெளியே உள்ளவர்களுக்காக இதை விளக்க வேண்டும். பூட்டு நேரத்துக்குமுன் ஒரு காவலர் ஒவ்வொரு யன்னலாகப் போய்க் கம்பிகளைப் பொல்லால் தட்டிப் பார்ப்பார். நல்ல கம்பி கணீரென்று ஒலிக்கும், அரத்தால் அராவிய கம்பி சப்பென்று ஒலிக்கும். ரபீக்குக்கு இதில் காது நல்லது. அன்று மூன்றாம் அறையின் பின்யன்னலை அவர் தட்டிவிட்டு இரண்டடி போகவில்லை. உள்ளேயிருந்து, "ஓஓஓ..." என்று நீளமாக ஒரு கூவல் எழுந்தது. ரபீக்கின் கையிலிருந்து பொல்லு விழுந்தது.

மறுநாள் எட்வின் ஐயா விசாரித்தார்.

"ஏன் தம்பி சத்தம் போட்ட?"

"தட்டினாங்க ஐயா."

"தட்டினா?"

"தட்டினாக் குரல் குடுக்கணும் தானே?"

எட்வின் ஐயா கண்ணாடியைத் துடைத்தார். "இங்க தட்டுறது கம்பியப் பாக்க. உன்னக் கூப்பிட இல்ல. விளங்கிச்சா?"

"ஓம் ஐயா."

அன்று மாலையும் ரபீக் தட்டினார். அன்று மாலையும் தங்கராசா கூவினார். அதிகாரி தடுத்ததைச் செய்தது இரண்டாவது குற்றம். தண்டனை நீண்டது. நீட்டிய தண்டனைக்குள்ளும் கூவினார், அது மறுபடி நீண்டது. மற்ற விடுதிகளில் இருந்த கைதிகள் அந்த நேரத்துக்குக் காத்திருக்கத் தொடங்கினார்கள். அவர் கூவியதும் அங்கிருந்து நாலைந்து பேர் கேலியாகக் கூவுவார்கள். பூட்டு நேரத்தில் நரிக்கூட்டம் புகுந்ததுபோல் இருக்கும். "அண்ணன், நான் தட்டப் போகல்ல. பொல்லத் தொட்டா இவனுக்குச் சாமி வருது," என்று ரபீக் என்னிடம் சொன்னார். "இவனுக்கு ஒரு உடுக்கும் வாங்கிக் குடுத்தா முழு வேலையும் முடிஞ்சிரும்."

கூவியவரைக் கேலி செய்து கூவியவர்களும் குற்றப் புத்தகத்தில் எழுதப்பட்டார்கள். அவர்கள் நிறுத்திவிட்டார்கள். பிறகு ஒரு மாலை ரபீக் தட்டினார், உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை. அடுத்த மாலையும் வரவில்லை. முறைப்பாடு கேட்கும்போதும் பதில் இல்லை. ஆகவே முறைப்பாடு இல்லை. தட்டு ஒவ்வொரு வேளையும் வெறுமையாக வந்தது. எட்வின் ஐயா எங்களைக் கூப்பிட்டு, "பாருங்க, அடிக்கவும் இல்ல, ஏசவும் இல்ல. ஆள் திருந்திட்டார்," என்றார். அந்த வாரம் முழுவதும் தனியறைப் பகுதி அமைதியாக இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு பரிசோதனை அதிகாரி வந்திருந்தால் எங்களைப் பாராட்டியிருப்பார்.

வந்தது பாக்கியம், தங்கராசாவின் மனைவி. நான் வாசல் கடமையில் இருந்தேன். பட்டிருப்புப் பாலத்தால் வரும் பஸ்ஸில் வந்து இறங்கி, கையில் ஒரு பையோடு நின்றார். பையில் ஒரு சாரம், பல்பொடி, வறுத்த கச்சான் கடலை இருந்தன. தனியறையில் இருப்பவரைப் பார்க்க முடியாது, பொருளும் கொடுக்க முடியாது என்று சொன்னேன். அவர் வாதாடவில்லை.

"ஆள் எப்பிடி இரிக்கார் ஐயா?"

"நல்லா இருக்கார். முந்தித்தான் சத்தம். இப்ப அமைதி. நீங்க யோசிக்காமப் போங்க."

"என்ன சத்தம்?"

"பின்னேரத்தில கம்பி தட்டக்குள்ள ஓவெண்டு கூவுவார். இப்ப நிப்பாட்டிட்டார்."

கச்சான் பையை அவர் நிலத்தில் வைத்தார்.

"தட்டக்குள்ள குரல் குடுத்தவர், இப்ப குடுக்கிறல்லையா?"

"இல்ல."

"எப்ப தொட்டு?"

"கொஞ்ச நாளா."

"அப்ப ஆரும் போய்ப் பாக்கல்லையா?"

நாங்கள் ஒவ்வொரு நாளும் பார்க்கிறோம் என்றேன். கதவைத் திறந்தா, வெளியில் நின்றா என்று கேட்டார். வெளியில் நின்று என்றேன்.

"ஐயா, எங்கட வயல் வட்டைக்க ஆனைக் காவலுக்கு ஆளுக்கொரு பரண். பொழுதுபட ஒருத்தன் தகரத்தத் தட்டுவான். அடுத்த பரணில இரிக்கிறவன் குரல் குடுக்கணும். குரல் வராட்டி, ஆனை அடிச்சிட்டோ, பாம்பு தீண்டிட்டோ தெரியாது. கோவக்காரனெண்டாலும், பேச்சுவார்த்தை இல்லாதவனெண்டாலும் போய்ப் பாக்கணும். போகாட்டி மறுகா அந்த ஊரில ஆளா இரிக்க ஏலா." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "நீங்க தட்டியிருக்கீங்க. அவர் குரல் குடுக்கல்ல. நீங்க போகல்ல."

நான் உள்ளே தொலைபேசி எடுத்துச் சொன்னேன். எட்வின் ஐயா வாசலுக்கு வந்தார். அவர் வருவதற்குள் ரபீக்கும் வந்து நின்றார்.

"அம்மா, இது வட்டை இல்ல," என்றார் எட்வின் ஐயா, எப்போதும்போல் தாழ்ந்த குரலில்.

"தெரியும் ஐயா. வட்டையெண்டா நானே போயிருப்பன்."

"நேரம் போகுது. கடைசி பஸ்ஸ விட்டிருவீங்க."

"விட்டா விடட்டும். போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுங்க. குரல் கேட்டுச்சா, இல்லையா. அவ்வளவுதான். நான் உள்ளுக்கு வரக் கேக்கல்ல. அவர விடச் சொல்லியும் கேக்கல்ல."

ரபீக் சிரிப்பு மூட்டப் பார்த்தார். "உம்மா, அவர் குரல் குடுத்து எங்கட காது அடைச்சுப் போச்சு. இப்பதான் திறந்து வருது."

"நீங்கதானா தட்டுற ஆள்?" என்று பாக்கியம் கேட்டார்.

"ஓம்."

"தட்டிப்போட்டுப் போறீங்களே, உங்களுக்கு ஒரு மாதிரி இல்லையா மனே?"



தனியறைக் கதவைத் திறக்கவும் ஒழுங்குமுறை உண்டு. அத்தியட்சகரின் அனுமதி வேண்டும். அவர் கொழும்பில் கூட்டத்தில் இருந்தார், தொலைபேசி எடுக்கவில்லை. அனுமதியில்லாமல் திறந்தால் விளக்கம் கொடுக்க வேண்டி வரும். எட்வின் ஐயா தன் சேவைக் காலத்தில் ஒருவருக்கும் விளக்கம் கொடுத்தவரல்ல, மற்றவர்களிடம் கேட்டவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார். பிறகு திறப்புப் பெட்டியிலிருந்து கொத்தை எடுத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் வாங்க," என்றார்.

இப்படித்தான் நான்கு முப்பத்தைந்துக்கு அந்தத் தட்டைக் கண்டோம்.

எட்வின் ஐயா பலகையைத் தள்ளினார். "முறைப்பாடு ஏதும் இருக்கா தம்பி?" கண்ணாடியைத் துடைக்கவில்லை, காத்திருந்தார். "தங்கராசா," என்றார். அவர் ஒரு கைதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அன்றுதான் கேட்டேன். பிறகு திறப்பால் கதவில் தட்டினார். பக்கத்து அறையில் ஒருவர் இருமினார். மூன்றாம் அறையில் சத்தமில்லை.

திறந்தார்.

தங்கராசா மூலையைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி, குந்தியிருந்தார். தோள் எலும்புகள் இரண்டும் துருத்தி நின்றன. பாய் விரிக்கப்படாமல் சுருட்டியபடி இருந்தது. தட்டு காலியாக வந்ததற்குக் காரணம் வாளியில் இருந்தது. எல்லாச் சோறும் அங்கேதான் போயிருக்கிறது. சாரத்தின் ஓரம் நீளமாகக் கிழிக்கப்பட்டிருந்தது, கிழித்த பகுதி பாய்க்கு அடியில் இருந்தது. அதைப் பற்றி இதற்குமேல் எழுதத் தேவையில்லை.

ரபீக் அவருடைய பெயரைச் சொல்லித் தோளைத் தொட்டார். தோள் விலகவுமில்லை, திரும்பவுமில்லை. கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது.

எட்வின் ஐயா அவருக்குப் பக்கத்தில், சீமெந்து நிலத்தில், மடிப்புக் குலையாத வெள்ளைக் காற்சட்டையோடு உட்கார்ந்தார். என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். தெரிந்ததைச் சொன்னார். "முறைப்பாடு ஏதும் இருக்கா தம்பி?" ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டி வரும்வரைக்கும் எழும்பவில்லை.

வாளி எடுக்கும் கைதியைப் பிறகு விசாரித்தார்கள். சோறு வாளியில் கிடப்பதை ஒவ்வொரு நாளும் கண்டிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அந்த அறையப் பத்திக் கதைக்கப்படாதெண்டு நீங்கதானே சொன்னீங்க ஐயா," என்றார். அவர் சொன்னது சரி. அவர்மேல் குற்றம் எழுதப்படவில்லை.

நான் வாசலுக்குப் போனேன். பாக்கியம் நின்ற இடத்திலேயே நின்றார்.

"மூச்சு இரிக்கா?"

"இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறம்."

"குரல்?"

"இல்ல."

பையை என்னிடம் நீட்டினார். கொடுக்க முடியாத பொருள் என்று முன்னர் சொன்னது நினைவிருந்தும் வாங்கினேன். எட்வின் ஐயா என் கையிலிருந்து அதை எடுத்து, தானே வண்டிக்குள் வைத்தார். பாக்கியத்தையும் ஏற்றச் சொன்னார். அதற்கும் அனுமதி இல்லை.

ஆஸ்பத்திரியின் மனநோய் விடுதியில் இருந்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். எத்தனை நாளாகப் பேசவில்லை, எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று கேட்டார்.

"அமைதியா இருந்தார் டொக்டர்," என்றார் எட்வின் ஐயா.

"அமைதியா இருந்தாரா, பேச்சு நிண்டு போச்சா?"

"எங்களுக்கு ரெண்டும் ஒண்டுதான்."

அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. மருத்துவரும் பகிடியாக எடுக்கவில்லை. தனியாக அடைத்து வைத்தவருக்கு இது நேர்வது புதிதல்ல என்றும், சிலர் கத்துவார்கள், சிலர் காணாததைக் காண்பார்கள், சிலர் இப்படி உள்ளே போய்விடுவார்கள் என்றும் சொன்னார். கத்துகிறவரைக் கண்டுபிடிப்பது சுலபம் என்றும் சொன்னார். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் நீங்கள் என்னிடம் கொண்டுவந்திருக்க மாட்டீர்கள் என்றார். எட்வின் ஐயா "ஓம்" என்றார். பாய்க்கு அடியில் கிடந்ததை அவரிடம் கொடுத்தார்.

அனுமதியில்லாமல் திறந்ததற்கு எட்வின் ஐயாவிடம் விளக்கம் கேட்கப்பட்டது. ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அதில் வட்டையும் பரணும் வரவில்லை. 'கைதியிடமிருந்து பதில் கிடைக்கவில்லை' என்று மட்டும் இருந்தது.

அதன் பின் அவர் வாய்வழியாக ஓர் ஒழுங்கு வைத்தார். தனியறைக் கம்பியைத் தட்டும் காவலர் உள்ளே இருப்பவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். குரல் கேட்கும்வரை நிற்க வேண்டும். குரல் வராவிட்டால் அந்த நேரமே திறக்க வேண்டும். காவலர்கள் இதற்குப் 'பரண் டியூட்டி' என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். "இண்டைக்கு உன்ர ஆனை என்ன சொல்லுது?" என்று கேட்டுக்கொள்வார்கள். கேலி செய்தாலும் நின்றார்கள். உள்ளே இருந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகக் குரல் கொடுத்தார்கள். ஒருவர் "ஆஜர்" என்பார். ஒருவர் தூஷணம் சொல்வார். தூஷணத்துக்கும் தண்டனை இல்லை என்று எட்வின் ஐயா சொல்லியிருந்தார். ரபீக் சில நாட்களில் கம்பி தட்டுவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தார். என்ன கதைக்கிறாய் என்று கேட்டால், "கம்பி ஒண்டு சத்தம் சரியில்ல, அண்ணன்," என்பார்.

எட்வின் ஐயா இடமாற்றம் பெற்றுப் போனார். அவருக்குப் பிறகு வந்தவர் கெட்டவரல்ல. இந்த வழக்கத்துக்கு எழுத்தில் ஆதாரம் கேட்டார். இருக்கவில்லை. நிறுத்தினார். தனியறையில் இருப்பவரை எப்படிப் பார்க்க வேண்டும் என்று இப்போது பாடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். சொல்லிக் கொடுப்பது நல்லது.

தங்கராசா மனநோய் விடுதியில் நீண்ட காலம் இருந்தார். முதலில் கஞ்சி குடித்தார். பிறகு கச்சான் கேட்டார், அதை அவர் பேசிய முதல் சொல்லாக மருத்துவர் எடுத்துக்கொண்டார். மீண்டும் சிறைக்கு வந்தபோது தனியறையில் போடக் கூடாது என்று மருத்துவர் எழுதி அனுப்பியிருந்தார். பெரிய விடுதியில் ஐம்பது பேர் நடுவில் படுத்தார். வழக்கில், வெட்டியது வேறு ஆள் என்று காயப்பட்டவரே சாட்சி சொன்னார். தங்கராசாவை நீதிமன்றம் விடுதலை செய்தது.

ஓய்வு பெற்ற பிறகு களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் கணவன் மனைவி இருவரையும் கண்டேன். தங்கராசா என்னை அடையாளம் கண்டு கும்பிட்டார். வெள்ளாமை எப்படி என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது, இந்த முறை ஆனை அதிகம் என்றார். சனம் நெருக்கிக்கொண்டு வந்தது, அவர் பாக்கியத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அர்ச்சனைத் தட்டு வாங்க அவர் அந்தப் பிடியை விட்ட நேரத்தில், இப்போது பரணில் இரவில் இருக்கிறாரா என்று பாக்கியத்திடம் கேட்டேன்.

"அவருக்குத் தனிய இரிக்க ஏலா ஐயா," என்றார்.

இந்தப் போகத்துக்குப் பரணில் காவலிருப்பது பாக்கியம்.